நான்கு லட்சம் ரூபாய்க்குள் ஓர் இயந்திரக் கைக்கடிகாரம்: சொந்த மூவ்மென்ட்டுக்குக் கூடுதல் விலை தரலாமா?

கதிர்நிழல்

வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். இதுவரை பேட்டரி வாட்ச் மட்டுமே கட்டிவந்த நான், தினமும் கட்டக்கூடிய, பிற்பாடு என் மகளுக்கும் கொடுக்கக்கூடிய ஓர் இயந்திரக் கைக்கடிகாரத்தை நான்கு லட்சம் ரூபாய்க்குள் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என் மணிக்கட்டின் சுற்றளவு பதினைந்தரை சென்டிமீட்டர்தான் என்பதால், 39 மில்லிமீட்டரைத் தாண்டிய எதையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

காதர் நவாஸ் கான் சாலையிலும் வேளச்சேரியில் ஒரு மாலிலும் பார்த்ததில் மூன்று பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன: ட்யூடர் பிளாக் பே 54, லாஞ்சின்ஸ் ஸ்பிரிட் 37 மில்லிமீட்டர், ஓரிஸ் பிக் கிரவுன் பாயின்டர் டேட். இவற்றில் ஓரிஸ்தான் என்னை அதிகம் குழப்புகிறது. ஏறக்குறைய ஒரே சாயலில், பல நிறுவனங்களுக்கும் மூவ்மென்ட் (கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரம்) செய்து விற்கும் செலிட்டாவின் மூவ்மென்ட்டை அடிப்படையாகக் கொண்ட கடிகாரமும் விற்கிறார்கள். ஓரிஸே உருவாக்கிய காலிபர் 403 என்ற மூவ்மென்ட் உள்ள 38 மில்லிமீட்டர் கடிகாரமும் விற்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சிறியது அன்று. அந்தக் கூடுதல் தொகைக்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், "இன்-ஹவுஸ் மேடம்", அதாவது சொந்தத் தயாரிப்பு, என்ற பதிலோடு கடைக்காரர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் யாராவது விளக்க முடியுமா? எனக்குக் கடிகாரத்தைத் திரும்ப விற்கும் எண்ணம் இல்லை.

வேளச்சேரி வாசன்

மேடம், நான்கு லட்சம் கொடுக்கிறவர், நாற்பதாயிரம் ரூபாய்க் கடிகாரத்திலும் இருக்கிற அதே செலிட்டா எஸ்டபிள்யூ200-ஐ ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. டயலையும் கேஸையும் அழகாகச் செய்ய நிறையப் பேருக்குத் தெரியும். உள்ளே ஓடுகிற பொருளைத் தானே வடிவமைத்துத் தானே தயாரிக்கிற நிறுவனத்தைத்தான் கடிகார நிறுவனம் என்று நான் மதிப்பேன். பிளாக் பே 54-இல் உள்ள எம்டி5400 மூவ்மென்ட், முழுச் சாவி ஏறினால் 70 மணி நேரம் ஓடும். துல்லியத்துக்கான சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழ் பெற்றது. பேலன்ஸ் வீல் என்ற ஊசலாடும் சக்கரத்தை இயக்கும் நுண்சுருளான ஹேர்ஸ்பிரிங், அதில் சிலிக்கானால் ஆனது. என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு ட்யூடருக்கே.

லூப்கண்ணாடி

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். நான் கடிகாரங்களைத் திறந்து மூடியே வாழ்க்கையை ஓட்டியவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். தம்பி வாசன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாறு ஆண்டுகள் கட்டிய, கை அசைவிலேயே சாவி ஏறும் ஓர் ஆட்டோமேட்டிக்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எண்ணெய். அதாவது, எண்ணெய் இருந்த இடம். சக்கர அச்சுகளைத் தாங்கும் சிவப்புக் கல்லின் நடுவில் ஒரு துளியாக, தெளிவாக நிற்க வேண்டியது, பழுப்பு வளையமாகக் கல்லின் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். அதற்குமேலும் ஓட்டினால், தலைமுடியைவிட அதிகப் பருமன் இல்லாத எஃகு அச்சு, காய்ந்த கல்லில் உராய்ந்து தேயும். இது செலிட்டா, ட்யூடர், மிக விலை உயர்ந்த பட்டேக் என்று பேதம் பார்ப்பதில்லை. அப்போது செய்ய வேண்டியதும் ஒன்றே: ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதிய எண்ணெய் இட்டு, டைம்கிராபர் கருவியில் வைத்து நேரம் சரிபார்ப்பது. முழுச் சாவி கொடுத்த நிலையில் பேலன்ஸ் வீல் 270 முதல் 310 பாகை வரை வீசினால் நாங்கள் நிம்மதியாக மூடுவோம். கேள்வி எல்லாம், "தேய்ந்ததை மாற்றி" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. மாற்றுவதற்குப் பாகம் யாரிடம் கிடைக்கும்?

எஸ்டபிள்யூ200 என்பது, ஈடிஏ என்ற சுவிஸ் மூவ்மென்ட் நிறுவனத்தின் 2824-2-இன் காப்புரிமைக் காலம் முடிந்தபின், அதே அமைப்பில் செலிட்டா தயாரிப்பது. மணிக்கு 28,800 துடிப்புகள். ஏறத்தாழ 40 மணி நேர ஓட்டம். உலகெங்கும் இத்தனை லட்சம் கடிகாரங்களில் ஓடுவதால், அதன் குணமும் குற்றமும் தொழில் தெரிந்த எல்லோருக்கும் மனப்பாடம். குற்றமும் சொல்லிவிடுகிறேன். அதில் கை அசைவில் சுழலும் எடையான ரோட்டரின் சுழற்சியை, கடிகாரத்தை ஓட்டும் சுருளான மெயின்ஸ்பிரிங்குக்குக் கடத்தும் ரிவர்சிங் வீல்கள் காய்ந்துவிட்டால், நீங்கள் கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டரும் சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். உள்ளங்கையிலேயே அதிர்வு தெரியும். அது சர்வீஸ் கேட்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சக்கரம் கிடைக்கும். அதை மாற்றத் தெரிந்தவரும் சென்னையிலேயே கிடைப்பார்.

நிறுவனங்கள் தமக்கெனச் செய்யும் தனி காலிபர்களின் நிலை வேறு. அவற்றின் பாகங்கள் அந்தந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற இடங்களுக்கு மட்டுமே போகும். எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவந்தால், கழுவி எண்ணெய் இட்டுத் தரலாம். ஒரு சக்கரம் போய்விட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். என் வாடிக்கையாளர் ஒருவரின் கடிகாரம், அதன் பெயர் வேண்டாம், இங்கிருந்து வேறு ஊருக்கும் அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்கும் போய், மாதக்கணக்கில் கழித்து, ஒரு நடுத்தரக் கடிகாரத்தின் விலைக்கு நிகரான சர்வீஸ் பில்லோடு திரும்பி வந்தது. வேலை அருமையாகத்தான் செய்திருந்தார்கள். இருந்தாலும் மகளுக்குக் கொடுக்கப்போகிற கடிகாரம் என்கிறீர்கள். இன்னும் முப்பது ஆண்டுகளில் அதை நான்கைந்து முறையாவது யாராவது திறக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதை இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசன்

ஐயா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பழுதுபார்ப்பவரின் வசதியை மட்டும் வைத்து வாங்குவது என்றால், 1970-களின் வடிவமைப்போடு நாம் நின்றுவிட வேண்டியதுதான். ட்யூடரின் மூவ்மென்ட்டில் பேலன்ஸ் வீலை இரு பக்கமும் தாங்கும் முழுப் பாலம் இருக்கிறது. 2824 வகையில் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் காக் என்ற அரைப் பாலம்தான். வேகத்தைத் திருத்த ரெகுலேட்டர் ஊசியை நகர்த்துவதற்குப் பதிலாக, சக்கரத்தின் விளிம்பில் உள்ள சிறு திருகுகளைத் திருப்புகிறார்கள். அதிர்ச்சியில் அது எளிதில் தடம் மாறாது. சுவிஸ் சான்றிதழ் நாளொன்றுக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 விநாடி வரை அனுமதிக்கிறது. ட்யூடர் தன் கடிகாரங்களை மைனஸ் 2, பிளஸ் 4-க்குள் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறது.

70 மணி நேரத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வெள்ளி மாலை கழற்றி வைத்த கடிகாரம் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். 40 மணி நேரக் கடிகாரம் ஞாயிறு காலையிலேயே நின்றிருக்கும். ஓரிஸ் 403-இல் மெயின்ஸ்பிரிங்கைத் தாங்கும் பேரல்கள் இரண்டு வைத்து ஐந்து நாள் ஓட்டம் தருகிறார்கள். அந்த 400 வரிசைக்குப் பத்தாண்டு உத்தரவாதமும், சர்வீஸுக்குப் பத்தாண்டு இடைவெளிப் பரிந்துரையும் உண்டு. இவையெல்லாம் வெளியில் வாங்கிய மூவ்மென்ட்டில் கிடைக்குமா?

பழைய பிரதி

வாசனின் கடைசிக் கேள்விக்குப் பதில்: கிடைக்கும். மருத்துவரின் பட்டியலிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. லாஞ்சின்ஸ் ஸ்பிரிட்டில் உள்ள எல்888, லாஞ்சின்ஸுக்கென்றே ஈடிஏ தயாரிப்பது; இரண்டும் ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்தவை. அதிலும் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங், அதிலும் க்ரோனோமீட்டர் சான்றிதழ், ஓட்டம் 72 மணி நேரம். துடிப்பை மட்டும் 28,800-இலிருந்து 25,200-ஆகக் குறைத்திருக்கிறார்கள். இதைச் சொந்த மூவ்மென்ட் என்பதா, வெளி மூவ்மென்ட் என்பதா? இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. அடங்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் என் கட்சி.

கடிகார வரலாற்றில் மிக உயர்ந்த இடத்தில் வைக்கப்படுகிற சிலவற்றின் வயிற்றைத் திறந்து பாருங்கள். 1967-இல் ஜாஜர்-லெகூல்ட்ர் 920 என்ற ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட்டை உருவாக்கியது, தடிமன் 2.45 மில்லிமீட்டர். 1972-இல் வந்த ஆடமார் பிகேயின் ராயல் ஓக்கிலும், 1976-இல் வந்த பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸிலும், 1977-இல் வந்த வஷெரோன் கான்ஸ்டன்டினின் 222-இலும் ஓடியது இந்தக் குடும்பத்து மூவ்மென்ட்தான். உருவாக்கிய ஜாஜர் அதைத் தன் பெயரிட்ட கடிகாரத்தில் வைக்கவே இல்லை என்பது இதில் பெரிய வேடிக்கை. 1988 முதல் 2000 வரை விற்ற ரோலெக்ஸ் டேடோனாவில் இருந்தது ஜெனித் நிறுவனத்தின் எல் பிரைமெரோ. ரோலெக்ஸ் அதன் துடிப்பை 36,000-இலிருந்து 28,800-ஆகக் குறைத்து, தன் தரத்துக்குத் திருத்திக்கொண்டது. இன்றைக்கு அந்த டேடோனாக்களை "வெளி மூவ்மென்ட்" என்று சொல்லி யாரும் மலிவாகத் தருவதில்லை. பட்டேக் கூடத் தன் கைச்சாவி க்ரோனோகிராபுக்கு (ஸ்டாப்வாட்ச் உள்ள கடிகாரம்) லெமானியா என்ற வேறு நிறுவனத்தின் அடிப்படையைப் பல்லாண்டுகள் பயன்படுத்திவிட்டு, 2009-இல்தான் சொந்தமாக ஒன்றை அறிமுகம் செய்தது.

பிறகு எப்படி இந்த மோகம் வந்தது? ஸ்வாட்ச் குழுமம் 2002-இல், இனி முழுமையாகச் சேர்க்கப்படாத ஈடிஏ மூவ்மென்ட்களைப் பிறருக்குத் தர மாட்டோம் என்று அறிவித்தது. சுவிஸ் போட்டி ஆணையம் குறுக்கிட்டது. 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2019 இறுதி வரை வழங்கலைப் படிப்படியாகக் குறைக்க அனுமதி கிடைத்தது. அதுவரை ஈடிஏவை நம்பியிருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை: செலிட்டாவிடம் போனார்கள், அல்லது தாங்களே தயாரிக்க இறங்கினார்கள். தொழிற்சாலைக்குப் போட்ட முதலீட்டை மீட்க வேண்டுமே, விளம்பரத் துறை அந்த நெருக்கடியை ஒரு பெருமையாக மாற்றிக்கொண்டது. முதலில் வந்தது சப்ளைச் சிக்கல். தரம் பற்றிய பேச்சு அதன் பின்னால் வந்து சேர்ந்தது.

வாசன் போற்றும் ட்யூடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூவ்மென்ட்களைத் தயாரிப்பது 2016-இல் ட்யூடர் தொடங்கிய கெனிசி என்ற நிறுவனம். ஷனெல் அதில் பங்கு வைத்திருக்கிறது; நார்கெய்ன் அங்கே மூவ்மென்ட் வாங்குகிறது; பிரைட்லிங்கின் பி20 ட்யூடருடைய மூவ்மென்ட்டிலிருந்து வந்தது, ட்யூடரின் க்ரோனோகிராப் பிரைட்லிங்கின் பி01-இலிருந்து வந்தது. இது எதுவும் குறை அன்று; நல்ல பொருளை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவே. குறை எங்கே வருகிறது என்றால், மறைக்கும்போது. டாக் ஹாயர் 2009-இல் 1887 என்ற க்ரோனோகிராப் மூவ்மென்ட்டைத் தன்னுடையதாக அறிவித்தபோது, அதன் அடிப்படை வடிவமைப்பு ஜப்பானின் செய்கோவிடமிருந்து பெறப்பட்டது என்பது பிறகு வெளிவந்து, நிறுவனத் தலைமையே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மூவ்மென்ட் நல்ல மூவ்மென்ட்தான். அவப்பெயர் அறிவிப்பால் வந்தது.

இன்னொன்று. சுவிஸ் தயாரிப்பு என்று டயலில் அச்சிடுவதற்குச் சட்டம் இருக்கிறது. 2017 முதல் தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். சொந்த மூவ்மென்ட் என்று சொல்லிக்கொள்ள அப்படி ஒரு சட்டமும் கிடையாது. ஹேர்ஸ்பிரிங்கை நிவாராக்ஸ் என்ற ஸ்வாட்ச் குழும நிறுவனத்திடம் வாங்கிவிட்டு மீதியைத் தான் செய்கிறவரும் அப்படிச் சொல்லலாம். தன் ஹேர்ஸ்பிரிங்கைத் தானே செய்கிற செய்கோ, விலை குறைந்த செய்கோ 5-ஐ விற்கும்போது அதைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லை.

திருவொற்றியூர்க்காரன்

பெரிய கடிகாரங்கள் நமக்கு எட்டாது. குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் அப்பா கட்டிய எச்எம்டி ஜனதா இன்றும் என் கையில் ஓடுகிறது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் செய்த மூவ்மென்ட் அது. சொந்தத் தயாரிப்பு என்றால் அதைவிடச் சொந்தம் ஏது? தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், பாரிமுனைப் பக்கம் பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்திருப்பவர் கூட அதற்குப் பாகம் வைத்திருக்கிறார். ஆகவே லூப்கண்ணாடி ஐயா சொன்ன தொல்லை சொந்த மூவ்மென்ட் என்பதால் வருவதில்லை. பாகத்தைப் பூட்டிவைப்பதால் வருவது என்று எனக்குத் தோன்றுகிறது.

லூப்கண்ணாடி

சரியாகப் பிடித்தீர்கள், ஐயா. நான் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக்கையில் நிறைய ஓடி, பாகமும் வெளியில் புழங்கினால், யார் செய்தது என்பது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கதிர்நிழல்

அனைவருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டேன். என் தொழில் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் பிரிவில் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ இயந்திரம் உண்டு. அதன் அறைக்குள் கடிகாரத்தோடு நானும் போக மாட்டேன், யாரையும் விடவும் மாட்டேன். ஆனால் நாள் முழுவதும் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரக் கடிகாரத்தைக் காந்தம் கெடுக்கும் என்கிறார்கள். ஒமேகா நிறுவனம் 15,000 காஸ் வரை தாங்கும் என்று விளம்பரம் செய்வதைப் பார்த்தேன். அது சரியாக 1.5 டெஸ்லா. அப்படியென்றால் பட்ஜெட்டை உயர்த்தி அந்தப் பக்கம் போக வேண்டுமா?

லூப்கண்ணாடி

வேண்டியதில்லை, அம்மா. காந்தத்தை எதிர்க்கும் கடிகாரம் என்று சொல்ல சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 764 கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 60 காஸ். உங்கள் பிரிவில் தரையில் 5 காஸ் எல்லைக்கோடு குறித்திருப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற உங்களை எம்ஆர்ஐ ஒன்றும் செய்யாது. ஒமேகாவின் மாஸ்டர் க்ரோனோமீட்டர் மூவ்மென்ட் உண்மையிலேயே ஒரு சாதனைதான். சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெடாஸ் வகுத்த சோதனைகளில் தேறிவருவது. ஆனால் அது தாங்கும் இடத்துக்குள் நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு போகவே போவதில்லையே.

என்னிடம் காந்தம் ஏறி வந்த கடிகாரங்களுக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருந்தது. கைப்பேசி உறையின் மூடி, டேப்லெட் கவர், கைப்பையின் காந்தப் பொத்தான், ஸ்பீக்கர், இண்டக்ஷன் அடுப்பு. காந்தத்தின் சக்தி தூரத்தோடு வேகமாகக் குறையும்; ஆனால் இரவில் கடிகாரத்தைக் கழற்றி டேப்லெட் கவரின் மேலேயே வைத்தால் தூரம் எங்கே இருக்கிறது? சாதாரண ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் ஓடுகிற நீளம் குறையும். கடிகாரம் ஒரு நாளில் நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். பயந்துபோய் முழு சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு திசைகாட்டியைக் கடிகாரத்தின் அருகே கொண்டுபோங்கள். முள் துடித்தால் காந்தம். காந்தம் நீக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

இந்த வகையில் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் நிஜமான முன்னேற்றம். காந்தம் அதைத் தொடாது. ட்யூடரிலும் லாஞ்சின்ஸிலும் அது இருக்கிறது. ஓரிஸ் 403-இல், துடிப்புக்கேற்பச் சக்கரங்களை விட்டுவிட்டு நகரவிடும் எஸ்கேப் வீலும் பேலட் ஃபோர்க்கும் சிலிக்கான். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: உலோக ஹேர்ஸ்பிரிங் வளைந்தால் ஊசிமுனை இடுக்கியால் நிமிர்த்திவிடலாம், அதுதான் எங்கள் தொழிலின் அழகே, சிலிக்கான் உடைந்தால் நிமிர்த்த ஒன்றும் இல்லை, புதிதாக மாற்றத்தான் வேண்டும். அந்தப் புதியதை அப்போது தருவதற்கு நிறுவனம் இருக்க வேண்டும். மூன்று கடிகாரங்களுக்கும் இது பொருந்தும் என்பதால், இதை வைத்து நீங்கள் ஒன்றைக் கழிக்க முடியாது.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிஸ் க்ரோனோமீட்டர் சோதனை மூவ்மென்ட்டை ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில் பதினைந்து நாட்கள் ஓட்டிப் பார்க்கிறது. சென்னையில் 8 டிகிரியை நீங்கள் ஃபிரிஜ்ஜுக்குள்தான் பார்க்க முடியும். 38 டிகிரி நமக்குச் சித்திரையில் தெருவிலேயே கிடைக்கும், அதில் தேறியிருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

மயிலைக் கணக்கர்

மூவ்மென்ட் பற்றி எனக்குத் தெரியாது, வரி தெரியும். விலைச்சீட்டில் போட்டிருக்கும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியே இருக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு அது வராது. இரண்டு லட்சம் ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க எந்தக் கடைக்காரருக்கும் சட்டத்தில் இடமில்லை. "பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், குறைவது விலை மட்டும் அன்று, உத்தரவாதமும்தான்.

பலர் என்னிடம் கேட்பது, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட இஎஃப்டிஏ என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதே, சுங்கவரி குறையும்வரை காத்திருக்கலாமா என்பது. வரி ஒரே நாளில் மறைவதில்லை, ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைகிறது. அதே காலத்தில் ஃப்ராங்கின் மதிப்பும் நிறுவனங்களின் விலையும் எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. கட்டிக்கொள்வதற்காக வாங்குகிறவர் இதற்காகக் காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கதிர்நிழல்

நேற்று மறுபடியும் போய் மூன்றையும் கையில் கட்டிப் பார்த்தேன். இம்முறை மூவ்மென்ட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சர்வீஸ் எங்கே நடக்கும், எத்தனை வாரம் ஆகும், தோராயமாக எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு கடைகளில் முகம் மாறியது. ஒரு கடையில் மட்டும் உள்ளே இருந்த டெக்னீஷியனை அழைத்துவந்து பேசவைத்தார்கள்; அது லாஞ்சின்ஸ் விற்கும் கடை.

ஓரிஸ் 403 மிக அழகான கடிகாரம். ஆனால் தினமும் கட்டப்போகிற எனக்கு ஐந்து நாள் ஓட்டம் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை. நீர்த்தடுப்பும் 50 மீட்டர்தான்; நாளெல்லாம் கை கழுவுகிற தொழிலில் அது போதும் என்றாலும், நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கட் பழசாகும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. ட்யூடரின் கொக்கி என்னைக் கவர்ந்தது. கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே சங்கிலியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்த்திக்கொள்ளலாம். மே மாதப் பிற்பகலில் மணிக்கட்டு வீங்குகிற ஊரில் இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு இருக்க முடியாது. ஆனால் அதில் தேதி இல்லை. நாளொன்றுக்கு எத்தனையோ அறிக்கைகளில் தேதியிட்டுக் கையெழுத்திடுகிற நான், அனிச்சையாக மூன்று மணி இடத்தைப் பார்த்து ஏமாந்துகொண்டே இருப்பேன்.

எனவே லாஞ்சின்ஸ் ஸ்பிரிட் 37-ஐ எஃகுச் சங்கிலியோடு முன்பதிவு செய்துவிட்டேன். மீதித் தொகையில் ஒரு பகுதியை முதல் சர்வீஸுக்கென்று வங்கியில் தனியாகப் போட்டுவைக்க உத்தேசம். தோல் வாரும் தருகிறோம் என்றார்கள். வியர்வைக்கும் கைக்கிருமிநாசினிக்கும் அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்ததால் மறுத்துவிட்டேன்.

வேளச்சேரி வாசன்

வாழ்த்துகள், மேடம். தேதிக்காக ட்யூடரை விட்டுவிட்டீர்கள் என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மற்றபடி 72 மணி நேரமும் சிலிக்கானும் இருக்கிற கடிகாரத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துடிப்பு 25,200 என்பதால் விநாடி முள் ட்யூடரைவிடச் சற்றுக் கரடுமுரடாக நகரும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

லூப்கண்ணாடி

நல்ல தேர்வு, அம்மா. வாங்கும்போது உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கிறதா, அட்டையில் உள்ள எண்ணும் கேஸில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே ஒப்பிட்டுவிடுங்கள். சங்கிலியிலிருந்து கழற்றும் கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகளின் கைக்குப் பிற்பாடு வேண்டியிருக்கலாம். வந்த முதல் சில வாரங்கள் ஒரே நேரத்தில் கைப்பேசியோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். இரவில் டயல் மேல்நோக்கி வைத்தால் எவ்வளவு, சாவி கொடுக்கும் கிரவுன் கீழ்நோக்கி நிறுத்தினால் எவ்வளவு என்று வித்தியாசம் தெரியும். பகலில் முந்துகிற கடிகாரத்தை, இரவில் பிந்துகிற நிலையில் படுக்கவைத்தே சமன் செய்துவிடலாம். கையால் சாவி கொடுப்பதானால், நின்றுபோன கடிகாரத்துக்கு மட்டும் இருபது, முப்பது சுற்று போதும். மற்றதை உங்கள் கை பார்த்துக்கொள்ளும். தேதியை இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிணைந்திருக்கும். முதலில் முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் மாற்றுங்கள்.